கெயினில் கை வைக்காதீங்க, தம்பி!

கேள்வி: ஏசி/டிசி என்ற ராக் குழுவின் ‘பேக் இன் பிளாக்’ பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை, அதாவது ரிஃப்பைக் கற்றுக்கொண்டேன். விரல் சரியாகப் போகிறது, ரெக்கார்டில் கேட்கும் அந்தச் சத்தம்தான் வரமாட்டேன் என்கிறது. மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள்) வைத்த கிட்டார், 10 வாட் ஆம்ப். கெயின், பேஸ், ட்ரெபிள் எல்லாம் 10, மிடில் 0. ஙொய்யென்று இரைச்சல்தான் மிச்சம். எதை எங்கே வைக்க வேண்டும் அண்ணா?
– கல்லூரி மாணவர், தங்கச்சிமடம்

பதில்: முதல் வேலையாகக் கெயினை, அதாவது சத்தத்தைக் கரகரப்பாக்கும் குமிழை, 4-க்கு இறக்குங்கள். நாம் நினைக்கிற அளவுக்கு அந்த ரெக்கார்டில் டிஸ்டார்ஷன் (அந்தக் கரகரப்பு) கிடையாது. ஈ (E) கார்டை, அதாவது சேர்த்து ஒலிக்கும் சுரங்களை, அடித்து நிறுத்தி, டி (D), அப்புறம் ஏ (A) என்று போகும்போது நடுவில் ஒரு அமைதி வருகிறதே, அதுதான் அந்த ரிஃப்பின் உயிர். கெயின் 10-ல் இருந்தால் அந்த இடைவெளிக்குள் இரைச்சல் புகுந்துவிடும், கார்டில் உள்ள கம்பிகளும் தனித்தனியாகக் கேட்காமல் கலங்கிப்போகும்.

மிடிலை 0-ல் வைத்தது அடுத்த வில்லங்கம். ரூமில் தனியாக வாசிக்கும்போது கனமாக இருப்பதுபோலத் தெரியும், பாட்டை ஓடவிட்டுக் கூட வாசித்தால் கிட்டார் காணாமலே போய்விடும். மிடில் 7, பேஸ் 4, ட்ரெபிள் 5, பிக்கப்களில் பிரிட்ஜ் (கம்பிகள் முடியும் இடம்) பக்கம் இருப்பது. அந்தக் குழுவின் கிட்டாரிஸ்ட் ஆங்கஸ் யங் வாசிப்பது ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) வைத்த கிப்சன் எஸ்ஜி கிட்டார். உங்கள் சிங்கிள் காயிலின் சத்தம் அதைவிட மெலிசு, கூர்மையும் அதிகம், அதனால் கிட்டாரிலுள்ள டோன் குமிழை 7-க்குக் குறைத்துவிட்டு, போதவில்லை என்றால் மட்டும் கெயினை 5 வரை ஏற்றலாம். ஆம்புக்கு ஆம்ப் இந்த எண்கள் மாறும், காதை நம்புங்கள். அதற்கு ஆம்பை ஸ்டூல் மேல் ஏற்ற வேண்டும். தரையில் கிடந்தால் ட்ரெபிள் முழங்காலோடு போய்விடும், நீங்கள் நின்றுகொண்டு ‘பத்தலையே’ என்று ஏற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

மீதி எந்தக் குமிழிலும் இல்லை. 1980-ல் பஹாமாஸ் நாட்டின் நாசோவில், காம்பஸ் பாயிண்ட் ஸ்டூடியோவில், மார்ஷல் ஆம்ப்களுக்கு மைக் வைத்து எடுத்த சத்தம் அது. ஒரு பக்கம் ஆங்கஸ், மறுபக்கம் அவருடைய அண்ணன் மால்கம். இரண்டையும் ஒரே பெரிய கிட்டாராக நம் காது சேர்த்துக்கொள்கிறது. நீங்களும் போனில் ஒரு முறை ரெக்கார்ட் செய்து, அதே ரிஃப்பை மறுபடி வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் தள்ளிப் பாருங்கள். முதலாவதையே காப்பி செய்து ஒட்டினால் வேலைக்கு ஆகாது. கை இரண்டாவது முறை கொஞ்சம் முன்னே பின்னே விழுவதில்தான் அந்த அகலம் வருகிறது.

அப்புறம் கம்பி. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, உங்கள் ஊருக்கு இரண்டு பக்கமும் உப்புக்காற்று. துருவேறி மந்தமான கம்பியில் என்ன செட்டிங் வைத்தாலும் வீண்தான். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் கம்பிக்கு அடியிலும் சேர்த்துத் துடைத்து, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு பைக்குள் வையுங்கள். குமிழைத் திருகும்போது கரகரவென்றால் காண்டாக்ட் கிளீனர் அடித்து நாலு தடவை இப்படியும் அப்படியும் திருகிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம்!