மனைவியைப் பறித்த தலைவருக்கும் விசுவாசமா?

கேள்வி: ஸ்டாலின் தம் நெருங்கிய சகாவான மொலோடோவின் மனைவியையே சிறைப்படுத்தினார் என்று படித்தேன். அதன் பின்னும் மொலோடோவ் அவரைக் குறை கூறவில்லையாமே. உயிருக்கு அஞ்சியதுதான் காரணமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அச்சம் இருந்தது. ஆனால் அது மட்டுமே காரணமென்றால், 1953 மார்ச் 5 அன்று ஸ்டாலின் இறந்ததோடு அந்த விசுவாசமும் முடிந்திருக்க வேண்டும். மொலோடோவோ அதன் பின் 33 ஆண்டுகள் வாழ்ந்து, 1986இல் இறக்கும்வரை ஸ்டாலினுக்காக வாதாடினார்.

அவருடைய மனைவி பொலினா ஜெம்சுழினா, 1939இல் மீன்வளத் துறையின் மக்கள் ஆணையராக, அதாவது அமைச்சர் நிலையில், இருந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது சோவியத் அரசே அமைத்து, பின்னர் கலைத்துவிட்ட யூத பாசிச எதிர்ப்புக் குழுவினரோடு தொடர்பு வைத்திருந்தார் என்று குற்றம் சாட்டி, அவரைக் கட்சியிலிருந்து நீக்கும் தீர்மானம் 1948 டிசம்பரில் பொலிட்பீரோவுக்கு வந்தபோது, மொலோடோவ் வாக்களிக்காமல் ஒதுங்கினார். அந்தச் சிறு மறுப்பைக்கூட அவரால் ஒரு மாதம் காப்பாற்ற முடியவில்லை. அது அரசியல் பிழை என்று 1949 ஜனவரியில் ஸ்டாலினுக்குத் தாமே கடிதம் எழுதினார். அதே மாதத்தில் பொலினா கைதாகி, பின்னர் கஜகஸ்தானுக்கு அனுப்பப்பட்டார். மார்ச்சில் மொலோடோவின் வெளியுறவு அமைச்சர் பதவியும் பறிபோயிற்று.

இந்தப் பணிவின் வேர் 1937, 1938ஆம் ஆண்டுகளில் இருக்கிறது என்பது என் கருத்து. சுட்டுக் கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்கள் பெருமளவு அடங்கிய 383 பட்டியல்கள் அக்காலத்தில் மேலிடத்தின் ஒப்புதலுக்கு வந்தன. அவற்றில் இருந்த பெயர்கள் ஏறத்தாழ 44,000. ஸ்டாலின் அவற்றில் தனியாக ஒப்பமிடவில்லை. வொரோஷிலோவ், ககனோவிச் போன்ற சகாக்களின் கையொப்பங்களும் உடன் விழுந்தன. மொலோடோவின் கையொப்பம் மட்டும் 370க்கும் மேற்பட்டவற்றில் இருக்கிறது. தலைவர் செய்தது கொலை என்று ஒரு நாள் ஒப்புக்கொண்டால், அந்தக் கையொப்பங்களும் கொலைகளாகிவிடும் என்ற நிலையில், ஸ்டாலினைக் காப்பதும் தம்மைக் காப்பதும் மொலோடோவுக்கு ஒன்றாகிப் போயின.

ஆயினும் இந்த விளக்கம் பொலினாவுக்குப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டாலின் இறந்தபின் விடுதலையான அவர், 1970இல் மறையும்வரை ஸ்டாலினைப் போற்றியே வாழ்ந்தார். 1918 முதல் கட்சியே அவருடைய இளமையும் உறவும் மணவாழ்வுமாக இருந்தது. தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை ஏற்பதைவிட, அவ்வளவையும் இழப்பது அவருக்குக் கடினமாக இருந்திருக்கும். இதை எண்ணும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது.

கேள்வி: அப்படியானால் மறுத்தவர் எவருமே இல்லையா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இருந்தார்கள். கனரகத் தொழில்துறையை நடத்திய ஆர்ஜனிகிட்ஸே, தம் அண்ணனும் தம் துறையினரும் கைதானது குறித்து ஸ்டாலினோடு மோதினார். 1937 பிப்ரவரி 18 அன்று துப்பாக்கிக் குண்டுக்கு இறந்தார். இதயம் நின்றதே காரணம் என்று பொய்யாக வெளியிடப்பட்ட மருத்துவ அறிக்கையில் ஒப்பமிட்டவர்களில் ஒருவர் சுகாதாரத் துறை ஆணையர் கமின்ஸ்கி. அதே கமின்ஸ்கி, அவ்வாண்டு ஜூனில் நடந்த மத்தியக் குழுக் கூட்டத்தில் எழுந்து, பின்னாளில் ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவரான பெரியாவின் கடந்த காலத்தைக் குறித்து வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். உடனே அவரைக் கைது செய்து, 1938 பிப்ரவரியில் சுட்டுக் கொன்றார்கள்.