பத்து சென்ட்

அன்புள்ள ஐயா,

கேரளத்தின் கம்யூனிஸ்ட் தலைவர் கே.ஆர்.கௌரியம்மாவை இந்தியாவின் மிகச்சிறந்த சட்டமன்ற உறுப்பினர்களில் ஒருவர் என்று எழுதியிருந்தீர்கள். என் தாத்தா மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆனதும் கம்பெனி கொடுத்த வரிசை வீடான லயத்தைக் காலி செய்துவிட்டு ஒரு தகரப்பெட்டியோடு கம்பத்துக்கு பஸ் ஏறினார். கேரளத்தின் நிலச்சீர்திருத்தம் அவருக்கு ஒரு சென்ட்கூடத் தரவில்லை. கௌரியம்மாவும் கடைசியில் முதல்வர் நாற்காலி கிடைக்காத கோபத்தில் கட்சியை விட்டுப் போய், காங்கிரஸ் ஆட்சியில் மந்திரியானார். இதில் கொண்டாட என்ன இருக்கிறது?

ர., கம்பம்

அன்புள்ள ர.,

உங்கள் தாத்தாவின் தகரப்பெட்டியைப் படித்தபின் இரண்டு நாள் என்னால் பதில் எழுத முடியவில்லை. அதற்கு வருகிறேன். அதற்கு முன் நான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் சேர்த்தலைக்குப் பக்கத்தில் ஒரு கயிறு திரிக்கும் குடும்பத்தின் வீட்டில் ஒரு மத்தியானம் இருந்தேன். நாலைந்து தென்னை, ஒரு பலா, சுவரோரம் கொஞ்சம் மரச்சீனி, கிணறு. மொத்தம் பத்து சென்ட். வீட்டுப் பாட்டி அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். நாம் பட்டா என்பதை அங்கே பட்டயம் என்பார்கள். மடிப்பு கிழிந்து, பின்பக்கம் வேறு தாள் ஒட்டியிருந்தது. அவருடைய அம்மா காலத்தில் ஜன்மி, அதாவது நிலவுடைமையாளர், முகம் சுளித்தால் போதும், அன்றைக்கே ஓலையைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். யார் கொடுத்தது என்று கேட்டேன். "கௌரியம்ம" என்றார். அரசாங்கம் என்றோ கட்சி என்றோ சொல்லவில்லை.

1957 ஏப்ரல் 5 அன்று ஈ.எம்.எஸ். தலைமையில் கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவை பதவியேற்றது. பதினோரு பேரில் ஒரே பெண், வருவாய்த்துறை அமைச்சர் கௌரியம்மா. ஈழவச் சமூகத்திலிருந்து சட்டம் படித்து வந்த முதல் பெண், அப்போது வயது 37. ஒரு வாரத்துக்குள் குடியிருப்பவர்களையும் குத்தகைதாரர்களையும் நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்று அவசரச் சட்டம் வந்துவிட்டது. பெரிய சட்டம் வருவதற்குள் ஜன்மிகள் ஆட்களைக் கிளப்பிவிடுவார்கள் என்று தெரிந்துதான் முதலில் கதவை அடைத்தார்கள். நிலச்சட்டம் என்றால் என்னவென்று அறிந்தவர் செய்யும் வேலை அது.

பெரிய சட்டத்துக்குப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. 1959இல் மசோதா நிறைவேறிய கையோடு, ஜூலை 31 அன்று ஆட்சியே கலைக்கப்பட்டது. பிறகு நீதிமன்றம், வேறு அரசுகள், நீர்த்துப்போன வடிவங்கள். 1967இல் மீண்டும் அதே துறைக்கு வந்து, 1969இல் திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார். கிராமத்தில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து, பெருநகரில் மூன்று என்று குடிகிடப்புக்காரருக்கு, அதாவது பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவருக்கு, சிறு தொகைக்கு மனை சொந்தமாகும் வழி அதில்தான் உறுதியானது. 1970 ஜனவரி 1 அன்று அது நடைமுறைக்கு வந்தபோது முதல்வர் அச்சுத மேனன். கௌரியம்மா எதிர்வரிசையில் இருந்தார். ஆலப்புழையில் கூடி முடிவெடுத்தபடி, அவருடைய கட்சிக்காரர்கள் அன்று முதல் ஊர் ஊராகப் போய்க் குடிசையைச் சுற்றி வேலி கட்டவைத்தார்கள்.

இதற்கிடையில் 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி சி.பி.ஐ., சி.பி.எம். என்று பிளந்ததையும், கணவர் டி.வி.தாமஸ் அச்சுத மேனனைப் போல சி.பி.ஐ. பக்கமும் இவர் சி.பி.எம். பக்கமும் நின்றதையும், இருவரும் 1967இல் ஒரே அமைச்சரவையில் இருந்ததையும், அந்த மணவாழ்க்கை முறிந்ததையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

இப்போது நாற்காலிக் கோபம். 1987 தேர்தலில் கௌரி ஆளப்போகிறார் என்றுதான் தெருவெல்லாம் கோஷம். ஜெயித்ததும் முதல்வரானவர் நாயனார். கௌரியம்மா கோபித்துக்கொண்டு போகவில்லை. அதே நாயனாரின் கீழ் தொழில்துறை அமைச்சராக முழுக்காலமும் இருந்தார். திருவனந்தபுரம் டெக்னோபார்க் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். 1994 தொடக்கத்தில் கட்சிதான் அவரை வெளியேற்றியது. 74 வயதில் ஜே.எஸ்.எஸ். என்ற புதுக்கட்சி தொடங்கி, பழைய தொகுதியான அரூரில் 1996இலும் 2001இலும் ஜெயித்துக் காட்டினார்.

அந்த 1996இல் நடந்த ஒன்றுக்காகத்தான் நான் அப்படி எழுதினேன். ஆதிவாசிகளிடமிருந்து பறிபோன நிலத்தைத் திருப்பித்தரச் சொல்லும் 1975ஆம் ஆண்டுச் சட்டம் கேரளத்தில் உறங்கிக்கிடந்தது. நீதிமன்றம் நெருக்கியதும் அந்தச் சட்டத்தையே திருத்தி, நிலம் பிடித்தவர்களைக் காப்பாற்ற ஒரு மசோதா வந்தது. இடதும் வலதும் கைகோத்து நின்ற அந்தச் சபையில், 140 பேரில் எதிர்த்தவர் ஒருவர். கௌரியம்மா. ஆதிவாசி ஓட்டு அரூரில் அவருக்கு ஒன்றும் செய்துவிடாது. நிலம் யாருடையது என்ற கேள்விக்கு 1957இல் சொன்ன பதிலையே திரும்பச் சொன்னார், அவ்வளவுதான்.

ஆனால் 2003 பிப்ரவரியில் வயநாட்டின் முத்தங்காவில் நிலம் கேட்டுக் குடிசை போட்ட ஆதிவாசிகள் மீது போலீஸ் சுட்டபோது, ஆண்டனி அமைச்சரவையில் விவசாய அமைச்சர் அவர்தான். அன்றே ராஜினாமா செய்திருக்க வேண்டும் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். காங்கிரஸோடு சேர்ந்தது எனக்குப் பெரிய குற்றமாகத் தெரியவில்லை. அந்த நாற்காலியில் அன்று உட்கார்ந்திருந்ததுதான் உறுத்துகிறது.

உங்கள் தாத்தா. முதல் மசோதாவிலிருந்தே தோட்டங்களை நில உச்சவரம்புக்கு வெளியே வைத்துவிட்டார்கள். தோட்டம் துண்டானால் தொழில் படுத்துவிடும் என்பது வாதம். அதனால் லயம் கடைசிவரை கம்பெனியின் கட்டடமாகவே இருந்தது. முப்பது வருஷம் குடியிருந்தாலும் வேலை நின்றால் வெளியேற வேண்டும். வயலில் வேலை செய்த தலித்துகளுக்கும் குடிசை மனை கிடைத்தது, வயல் குத்தகைதாரருக்குப் போனது. 2020இல் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களோடு புதைந்த 70 உயிர்களையும் இந்தக் கணக்கில்தான் வைக்க வேண்டும். சேர்த்தலைப் பாட்டிக்குக் கிடைத்த பத்து சென்ட், ஒரே மாநிலத்தில், ஒரே சட்டத்தின் கீழ் உங்கள் தாத்தாவுக்குக் கிடைக்கவில்லை. கௌரியம்மா எழுதிய சட்டத்தின் ஓட்டை அது. அவரை மதிப்பதால் அதை நான் மறைக்க மாட்டேன்.

தாத்தா எந்த எஸ்டேட்டில், எந்த டிவிஷனில் இருந்தார்? லயத்தைக் காலி செய்தபோது கம்பெனி ஏதாவது எழுதிக் கொடுத்ததா? அந்தத் தகரப்பெட்டியில் காகிதம் ஏதும் இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள்.