பெரிய இரட்டை இறக்கை விமான மாதிரியை முதன்முறையாகக் கட்டுபவர் எங்கே அதிக நேரம் செலவிட வேண்டும்?

"டைகர் மாத் என்ற பழைய பயிற்சி விமானத்தின், நான்கில் ஒரு பங்கு அளவுள்ள கிட் ஒன்று வாங்கியிருக்கிறேன். இதற்கு முன் ஒற்றை இறக்கைப் பயிற்சி விமானங்கள் இரண்டைக் கட்டிப் பறக்கவிட்டிருக்கிறேன். இந்தப் பெட்டியைத் திறந்ததும் மலைத்துப்போனேன். எங்கே தவறு நேரும், எங்கே அதிக நேரம் செலவிட வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மேல் இறக்கையை உடற்பகுதியின் மேல் தாங்கி நிற்கும் நடுக்கால்களில் செலவிடுங்கள். காபேன் என்று உங்கள் வரைபடத்தில் குறித்திருக்கும் அந்தக் கால்கள்தாம் இந்த விமானத்தின் உயிர்நிலை. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமில் என் வீட்டுப் பின்னறையில் இதே விமானத்தை இதே அளவில் பதினான்கு மாதங்கள் கட்டினேன். இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களான விலாக்களை வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டியதில்தான் பெரும்பகுதி மாதங்கள் கழிந்தன. ஆனால் அவை எனக்கு ஒரு தொல்லையும் தரவில்லை. கை பழகிவிட்டால் விலா வேலை தானாக நகரும். என்னை மூன்று வாரம் பின்னுக்கு இழுத்தது நடுக்காலில் இருந்த 2 மில்லிமீட்டர்.

ஒற்றை இறக்கை விமானத்தில், உடற்பகுதியில் வெட்டப்பட்ட பள்ளத்தில் இறக்கை உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் பள்ளத்தை லேசர் வெட்டியிருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது அதைக் கெடுக்காமல் இருப்பது மட்டுமே. இரட்டை இறக்கையில் மேல் இறக்கைக்கு உட்கார இடமே இல்லை. நான்கு கால்களின் மேல் வெறும் காற்றில் நிற்கிறது. அந்த நான்கு கால்களும் எங்கே நிற்கின்றன என்பதைத் துளையிடும் உங்கள் கைதான் தீர்மானிக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உண்மையான டைகர் மாத்தின் இறக்கை விரிவு 8.94 மீட்டர், நான்கில் ஒரு பங்கு அளவில் ஏறத்தாழ 2.24 மீட்டர். இறக்கையின் அகலம் நம் மாதிரியில் 33 சென்டிமீட்டர் அளவில் வரும். என்னுடையதில் முன்காலுக்கும் பின்காலுக்கும் உள்ள இடைவெளி 15 சென்டிமீட்டர்தான். அந்தக் குறுகிய இடைவெளியில் ஒரு கால் 2 மில்லிமீட்டர் இறங்கினால் இறக்கையின் கோணம் முக்கால் பாகை மாறிவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவு மாறினால் வால் தகட்டைச் சரிசெய்து சமாளிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் மாறினால், விமானம் பறக்கும் நேரம் முழுவதும் ஒரு பக்கம் புரளப் பார்க்கும். வேகம் குறைந்து தரையிறங்கும் நேரத்தில் அதிகக் கோணத்தில் இருக்கும் இறக்கைதான் முதலில் ஏற்றுவிசையை இழக்கும். தரைக்கு அருகில் அது நடந்தால் காப்பாற்ற உயரம் இருக்காது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் பிறையில் ஒரு தொழிற்சாலையில் கருவி பொருத்துநராக இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தவன். அளவு என்றால் எனக்கு விளையாட்டு இல்லை. நான்கு கால்களையும் வெர்னியரில் அளந்தேன். பத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. வழிகாட்டிப் புத்தகம் சொன்ன வரிசையிலேயே அவற்றைப் பொருத்தி, எபோக்சிப் பசை வைத்து, உடற்பகுதிக்குத் துணியும் போர்த்திவிட்டேன். பிறகுதான் மேல் இறக்கையை முதன்முறையாக ஏற்றினேன். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது.

அன்று மாலை மூத்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நாற்பது ஆண்டுகளாக இந்தக் கலையில் இருப்பவர். அண்ணன் என்றுதான் அழைப்பேன். நாற்காலியில் உட்காராமல் விமானத்தின் பின்னால் போய் நின்றார். வால் தூணில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையை என் மகளிடம் கொடுத்து இடப்பக்க இறக்கை நுனியில் பிடிக்கச் சொன்னார். நூலில் ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு அதே நூலை வலப்பக்க நுனிக்குக் கொண்டுபோகச் சொன்னார். "அப்பா, இந்தப் பக்கம் முடிச்சு நுனிவரை எட்டவில்லை" என்றாள் மகள். அண்ணன் கோணமானியை எடுத்து இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தார். இடப்பக்கம் முக்கால் பாகை கூடுதல்.

"காலின் நீளத்தை அளந்தாய், தம்பி. கால் நிற்கிற இடத்தை அளந்தாயா?" என்று கேட்டார்.

அளக்கவில்லை. உடற்பகுதிக்குள் இருந்த ஒட்டுப்பலகைத் தகட்டில் இடப்பக்கப் பின்காலுக்கான துளை 2 மில்லிமீட்டர் கீழேயும் சற்றுப் பின்னாலும் விழுந்திருந்தது. போர்த்திய துணியைக் கிழித்து, தகட்டை அறுத்தெடுத்து, புதிய தகடு வைத்து, மறுபடி போர்த்த வேண்டியதாயிற்று. அந்த மூன்று வாரமும் எனக்கு நெஞ்சில் கனமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த மாலையில் அவர் வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

ஆகவே உங்கள் புத்தகம் எந்த வரிசையைச் சொன்னாலும், நான்கு இறக்கைப் பகுதிகளும் எலும்புக்கூடாக முடியும்வரை நடுக்கால்களுக்குப் பசை வைக்காதீர்கள். துளைகளைச் சற்றுப் பெரிதாக இட்டு, கால்களைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். உடற்பகுதியை மேசையில் வைத்து, வாலின் கிடைத்தகடு ரசமட்டத்தில் சுழியம் காட்டும்வரை அடியில் முட்டுக் கொடுங்கள். அதன் பிறகு கீழ் இறக்கைகள், அவற்றுக்குப் பிறகே மேல் இறக்கை. கோணமானியை ஒவ்வொரு பக்கமும் மூன்று விலாக்களில் வையுங்கள். ஒரே இடத்தில் அளந்தால் இறக்கையின் முறுக்கல் தெரியாது. வால் தூணிலிருந்து நான்கு நுனிகளுக்கும் நூல் பிடியுங்கள். மேல் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, கீழ் இறக்கையின் முன்விளிம்பு எவ்வளவு பின்தள்ளி இருக்கிறது என்று இரு பக்கமும் அளந்து பாருங்கள். எல்லாம் ஒத்துவந்த பிறகு, எதையும் அசைக்காமல், அந்தப் பெரிய துளைகளை எபோக்சியால் நிரப்புங்கள். மறுநாள் காலைவரை அறைக்கதவைச் சாத்தி வையுங்கள்.

நூல் முக்கியம். தூண்டிலுக்கான நைலான் நரம்பு இழுத்தால் நீளும். அதை நம்பக் கூடாது. பட்டம் விடும் முறுக்கு நூல் போதும். இரண்டு வெள்ளிக்கு வாங்கிய நூல்கண்டு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. நூல் பிடிக்க இன்னொருவர் கட்டாயம் வேண்டும்.

நடுக்கால்கள் சரியாக நின்றுவிட்டன என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. நுனியருகில் இரண்டு இறக்கைகளையும் இணைக்கும் வெளிக்கால்கள் அழுத்தாமலே தம் இடத்தில் உட்காரும். தள்ளிப் பொருத்த வேண்டியிருந்தால் எங்கோ பிழை இருக்கிறது. அந்தக் காலின் துளையை அரத்தால் ராவிச் சரிக்கட்டாதீர்கள்.

டைகர் மாத்தின் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாய்வு வந்த கதையும் இந்த நடுக்கால்களோடு சேர்ந்ததுதான். இதற்கு முந்தைய மாத் விமானத்தில் முன்னிருக்கை மேல் இறக்கையின் நடுப்பகுதிக்குக் கீழே, கால்களுக்கு நடுவே இருந்தது. பாராசூட்டோடு அதிலிருந்து வெளியேறுவது கடினம். பயிற்சியாளர் விரைவாக வெளியே வர வழி வேண்டும் என்பதற்காக நடுப்பகுதியை முன்னே நகர்த்தினார்கள். அப்படி நகர்த்தியதும் ஏற்றுவிசையின் மையமும் முன்னே போய்விட்டது. அதைத் திரும்பப் பின்னே கொண்டுவர இறக்கைகளைப் பின்சாய்த்தார்கள். அந்த வடிவத்தில்தான் 1931 அக்டோபர் 26 அன்று டைகர் மாத் முதன்முதலாகப் பறந்தது. நமக்கு இதில் இருக்கும் செய்தி இதுதான்: சாய்வில் தவறு நேர்ந்தால் எடைச்சமநிலைப் புள்ளியும் தவறிவிடும். வரைபடத்தில் அந்தப் புள்ளியை எங்கிருந்து அளக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று இருமுறை படியுங்கள். என் வரைபடத்தில் மேல் இறக்கையின் நடுப்பகுதி முன்விளிம்பிலிருந்து அளக்க வேண்டும், நுனியிலிருந்து அன்று.

இந்த விமானம் நம் மண்ணிலும் பறந்தது. 1941-42இல் மலாயாத் தொண்டர் விமானப் படையிடம் டைகர் மாத்கள் இருந்தன. 1950இல் தொடங்கிய மலாயாத் துணை விமானப் படையும் இதை வைத்திருந்தது. நான் இந்தக் கிட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

இனிக் கம்பிகள். பினாங்குப் பாலத்தில் போகும்போது நடுப்பகுதியைத் தாங்கும் கம்பிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் இழுவிசையை ஏற்று நிற்கிறது. இரட்டை இறக்கையின் கம்பிகளுக்கும் அதுதான் வேலை. பாலம் கட்டும் அறிவிலிருந்தே அவையும் வந்தன. 1896இல் ஆக்டேவ் சனூட் என்ற பொறியாளர் பாலங்களில் வழங்கிய, சாய்வுத் தண்டுகள் இழுவிசையை ஏற்கும் பிராட் சட்ட முறையைத் தம் இரட்டை இறக்கைக் கிளைடரில் கையாண்டார். பறக்கும்போது இறக்கைகள் மேல்நோக்கி மடங்காமல் இழுத்துப் பிடிப்பவை ஒரு வகைக் கம்பிகள். தரையில் நிற்கும்போது இறக்கையின் எடையைத் தாங்குபவை எதிர்த்திசையில் போகும் இன்னொரு வகை. சில கிட்களில் இவை அழகுக்கு மட்டும். உங்களுடையதில் உண்மையாகவே வேலை செய்கின்றனவா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வேலை செய்பவை என்றால், தொய்வு போகும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். நன்றாகப் பொருத்திய இறக்கையையும் அதிகமாக முறுக்கிய ஒரு கம்பி கோணலாக்கிவிடும். கம்பி கட்டி முடித்ததும் கோணமானியை மறுபடி எடுத்து, எல்லா விலாக்களையும் திரும்ப அளந்து பாருங்கள்.

பினாங்கு வானிலையை மனத்தில் வைத்து வேலை செய்ய வேண்டும். குளிர்நாட்டில் எழுதிய வழிகாட்டியில் இது இருக்காது. மாதிரி கட்டப் பயன்படும் இலேசான பால்சா மரம் ஈரத்தை இழுக்கும். ஒரு வாரம் விடாமல் மழை பெய்தபோது மேசைமேல் விட்ட இறக்கை ஒன்று நுனியில் முறுக்கிக்கொண்டது. துணி போர்த்துவதற்கு முன்பு நேர்ந்ததால் ஈரத்துணியும் எடைக்கல்லும் வைத்து நேராக்க முடிந்தது. இறக்கைகளை எப்போதும் சமதளப் பலகையில் எடை வைத்தே விடுங்கள். சூப்பர் க்ளூ காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது. இங்கே சட்டென்று பிடித்துவிடும், திருத்த நேரம் தராது. கோணம் பார்த்து ஒட்ட வேண்டிய இடங்களில் மெதுவாக இறுகும் எபோக்சியைப் பயன்படுத்துங்கள். துணியை இறுக்கும் டோப் என்ற பூச்சைப் பூசுவதாக இருந்தால் மழைநாளில் பூசாதீர்கள்; ஈரம் படிந்து வெள்ளை பூத்துவிடும். சூட்டில் சுருங்கும் துணியாக இருந்தால் இறக்கையின் மேற்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் மாற்றி மாற்றிச் சுருக்குங்கள். ஒரே பக்கத்தை முழுவதும் இழுத்தால் இறக்கை வளையும்.

எடையைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. சமநிலைப் புள்ளியிலிருந்து வால் எவ்வளவு தூரம், மூக்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். என்னுடையதில் வால் மூன்று மடங்கு தொலைவில் இருந்தது. வாலில் 10 கிராம் கூடினால் மூக்கில் 30 கிராம் ஈயம் சேர்க்க வேண்டும். வால் பகுதிக்கு மிக இலேசான பால்சாவைப் பொறுக்கி எடுங்கள். அங்கே பசையைத் தாராளமாகப் பூசாதீர்கள். தட்டுகளை அசைக்கும் சிறு மோட்டார்களான சர்வோக்களையும் பேட்டரிகளையும் முடிந்தவரை முன்னால் வையுங்கள்.

தரையிலிருந்து விமானத்தை இயக்கும் ரேடியோ, எஞ்சின் இரண்டையும் நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள். இதில் மாறுவது இரண்டு மட்டும். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் சிறகுத்தடுப்புகள் டைகர் மாத்தில் கீழ் இறக்கையில் மட்டுமே உண்டு. திருப்பும்போது மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். கீழிறங்கும் தடுப்பைவிட மேலேறும் தடுப்பு அதிகம் நகரும்படி அமைத்து, வாலில் நிமிர்ந்து நிற்கும் திசைத்தட்டையும் சேர்த்துக் கையாளப் பழகுங்கள். மற்றொன்று, உண்மையான விமானத்தின் ஜிப்சி மேஜர் எஞ்சின் விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். நம் பெட்ரோல் எஞ்சின்கள் வலஞ்சுழி. அந்த விமானம் ஓடுபாதையில் வலப்பக்கம் விலகும், நம்முடையது இடப்பக்கம். பழைய விமானிகள் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்தால் இதை மாற்றிப் புரிந்துகொள்ளுங்கள்.

பறக்கும் இடத்தை இப்போதே தேடத் தொடங்குங்கள். தீவில் பாயான் லெப்பாஸ் விமான நிலையம், இக்கரையில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம். இரண்டையும் விட்டு விலகியே போக வேண்டும். மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் படியுங்கள். 400 அடிக்கு மேல் அனுமதியின்றிப் போகக் கூடாது. 20 கிலோவுக்கு மேற்பட்டவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும். என் விமானம் 9 கிலோ.

முதல் பறப்பு நிபோங் திபால் பக்கம், உரிமையாளரின் அனுமதியோடு, ஒரு திடலில். காலை ஏழரை மணி, காற்று எழும்பவில்லை. அண்ணன் என் பின்னால் நின்றார். எழும்பி முதல் சுற்று முடிந்ததும் ரேடியோவின் சமன்படுத்தும் பொத்தானால் வாலுக்கு இரண்டு கிளிக் கீழே தள்ளினேன். பக்கவாட்டில் ஒரே ஒரு கிளிக்கும் தேவைப்படவில்லை. ரேடியோவிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அது தென்னைமர உயரத்தில் நேராகவே போய்க்கொண்டிருந்தது.