குபுண்டு 24.04-ல் கே.டி.இ. பிளாஸ்மா 5.27 பயன்படுத்துகிறேன். பிளாஸ்மா 6-க்கு மாறலாமா? தமிழ்த் தட்டச்சில் சிக்கல் வருமா?

மாறலாம். (குபுண்டு என்பது லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்று; பிளாஸ்மா அதில் நாம் கண்ணால் பார்க்கும் மேசைச்சூழல், அதை உருவாக்குவது கே.டி.இ. குழு.) ஆனால் இப்போது இருக்கும் 24.04-ன் மேலேயே பிளாஸ்மா 6-ஐ ஏற்றப் பார்க்காதீர்கள். தமிழ்த் தட்டச்சில் சிக்கல் வரும். ஓர் இடத்தில் ஒரு தெரிவை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாலைகள் ஆயின. உங்களுக்கு ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. நாள் முழுக்கத் தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டுகிறவன். கே.டி.இ. 3.5 காலத்திலிருந்து அதிலேயே இருக்கிறேன், நடுவில் ஒரு மூன்று வருடம் தவிர. அந்த மூன்று வருடத்துக்குக் காரணம் கே.டி.இ. 4.0. அது வந்தது 2008 ஜனவரி 11-ல். அந்த மாதமே ஆர்வக்கோளாறில் ஏற்றிவிட்டேன். கீழே இருக்கும் பட்டையைத் தானாக மறைய வைக்கும் வசதிகூட அதில் கிடையாது. 3.5-ல் கையும் விரலும் பழகியிருந்த பாதி விஷயங்களைக் காணோம். என்னைப் போன்றவர்கள் மட்டுமல்ல, லினக்ஸ் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே அந்தப் பதிப்பால் வெறுத்துப்போய் குனோம் என்ற போட்டி மேசைச்சூழலுக்குப் போய்விட்டதாகப் பேட்டியில் சொன்னார். பழைய 3.5-ஐ விட மனமில்லாத சிலர் அதையே டிரினிட்டி என்ற பெயரில் தனியாக வளர்க்கத் தொடங்கினார்கள்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது. அதனால் 2024 பிப்ரவரி 28-ல் பிளாஸ்மா 6 வெளியானபோது நான் தொடவே இல்லை. ஏப்ரலில் ஃபெடோரா 40 என்ற இன்னொரு லினக்ஸின் கே.டி.இ. பதிப்பு வந்தபிறகு அதை ஒரு பென்டிரைவில் எழுதி, எதையும் நிறுவாமல், அதிலிருந்தே கணினியைத் தொடங்கிப் பார்த்தேன். லீவுக்கு வந்திருந்த அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். புதுசு வந்திருக்கிறது என்று நான் ஊதி வைத்திருந்ததால் அவனுக்கு எதிர்பார்ப்பு. திரை வந்தது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "என்ன மாமா, பழசு மாதிரியேதானே இருக்கு?" என்றான்.

எனக்கு அதைக் கேட்கத்தான் ஆசை. 4.0 அடித்த அடிக்குப் பிறகு, பழசு மாதிரியே இருப்பதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

கண்ணுக்குத் தெரிகிற மாற்றங்கள் என்று பார்த்தால், கீழ்ப்பட்டை இப்போது திரையின் ஓரத்தை ஒட்டாமல் கொஞ்சம் மிதந்தபடி நிற்கிறது. ஜன்னலைப் பெரிதாக்கினால் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒரு ஜன்னல் மேலே வந்து இடித்தால் மட்டும் ஒதுங்கிக்கொள்ளும்படியும் அதை வைக்கலாம். இதற்காகவே முன்பு லாட்டே டாக் என்ற தனிப் பட்டைச் செயலியை வைத்திருந்தேன். அதை எழுதியவர் 2022-லேயே நிறுத்திவிட்டார், பிளாஸ்மா 6-ல் அது ஓடாது. ஆனால் எனக்கு அது இல்லாத குறை தெரியவில்லை. முன்பு வெறும் மேசைப்பரப்பில் மவுஸ் சக்கரத்தை உருட்டினால் அடுத்த மெய்நிகர் மேசைக்குத் தாவிவிடும். தெரியாமல் கைபட்டுத் திறந்திருந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று பதறுகிறவர்கள் உண்டு. இப்போது அதை அணைத்தே தருகிறார்கள்.

ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கே.டி.இ.யில் கோப்பை ஒரு சொடுக்கில் திறப்பதுதான் வெகுகால வழக்கம். 6-ல் எல்லோரையும் போல இரட்டைச் சொடுக்குக்கு மாறிவிட்டார்கள். புதிதாக விண்டோஸிலிருந்து வருகிறவர்கள் குழம்புகிறார்கள் என்பது காரணம். நியாயம்தான். ஆனால் என் ஆள்காட்டி விரலுக்கு அந்த நியாயம் புரியவில்லை. ஒருமுறை தட்டிவிட்டுத் திறக்கும் திறக்கும் என்று காத்திருப்பேன். சிஸ்டம் செட்டிங்ஸில் பொது நடத்தை என்ற பகுதிக்குப் போய் முதல் வேலையாகப் பழையபடி மாற்றிவிட்டேன்.

அப்புறம், கனசதுரம் திரும்ப வந்திருக்கிறது! நான்கு மேசைகளையும் ஒரு பெட்டியின் நான்கு பக்கங்களாகச் சுழற்றிக் காட்டுமே, அது. 5-ன் கடைசிக் காலத்தில் எடுத்துவிட்டிருந்தார்கள். ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லாத வசதி. செட்டிங்ஸில் அதை இயக்கி, மெட்டா விசையோடு (விண்டோஸ் சின்னம் போட்டது) சி-யை அழுத்திக் காட்டியபிறகுதான் மருமகன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

சரி, உள்ளே என்ன மாறியிருக்கிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம். இரண்டு விஷயங்கள். ஒன்று, அடித்தளமான கியூட்டி நூலகம் 5-லிருந்து 6-க்குப் போயிருக்கிறது. அதைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டாம், 24.04-ன் மேல் பிளாஸ்மா 6-ஐ லேசில் ஏற்ற முடியாததற்கு அது ஒரு காரணம் என்பதைத் தவிர. இரண்டாவது, வேலேண்ட். ஜன்னல்களைத் திரையில் காட்டி, நாம் தட்டுவதை அவற்றுக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு அது; அதே வேலையைச் செய்யும் பழைய ஏற்பாடு எக்ஸ்11. முன்பு எக்ஸ்11 தான் இயல்பு, விரும்பினால் வேலேண்ட். இப்போது தலைகீழ்.

எக்ஸ்11 என்பது 1987-ல் வந்த ஏற்பாடு. அதை நான் ஒண்டுக்குடித்தன வீடு என்பேன். ஒரே கூரை, பெயருக்குத் தடுப்பு. ஒரு குடித்தனம் பேசுவது எல்லாக் குடித்தனங்களுக்கும் கேட்கும். எந்த மென்பொருளும் மற்ற மென்பொருளின் ஜன்னலைப் படம்பிடிக்கலாம், நீங்கள் தட்டுகிற விசைகளை ஒட்டுக்கேட்கலாம், தானாக விசை தட்டவும் செய்யலாம். இதில் வசதியும் உண்டு, ஆபத்தும் உண்டு. வேலேண்டில் ஆளுக்கொரு அறை, அறைக்கொரு கதவு. ஒரு மென்பொருளுக்குத் தன் ஜன்னலுக்கு வெளியே நடப்பது தெரியாது. தெரிய வேண்டுமென்றால் கதவைத் தட்டி அனுமதி கேட்க வேண்டும். பிளாஸ்மா 6-க்கு மாறியபிறகு எனக்கு வந்த நன்மையும் தொல்லையும் கிட்டத்தட்ட எல்லாமே இந்தக் கதவுகளிலிருந்துதான் வந்தன.

நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் 14 அங்குல லேப்டாப் ஒன்று, அதோடு 27 அங்குல 4கே திரை ஒன்று. எக்ஸ்11-ல் இரண்டுக்கும் சேர்த்து ஒரே அளவுப்பெருக்கம்தான். 150 விழுக்காடு வைத்தால் பெரிய திரை நன்றாக இருக்கும், லேப்டாப்பில் எழுத்தெல்லாம் பூசணிக்காய். 100 வைத்தால் லேப்டாப் சரியாக இருக்கும், பெரிய திரையில் எறும்பு ஊர்வது போலத் தெரியும். பல வருடம் இதோடு குடித்தனம் நடத்தினேன். பிளாஸ்மா 6-ல் லேப்டாப்புக்கு 100, பெரிய திரைக்கு 150 என்று தனித்தனியாக வைத்தேன். ஒரு ஜன்னலை இங்கிருந்து அங்கே இழுத்தால் எல்லையைத் தாண்டும்போது அதுவே அளவை மாற்றிக்கொள்கிறது. தமிழ் எழுத்துக்கு இது பெரிய விஷயம். சின்ன எழுத்தில் ஆங்கிலத்தை எப்படியும் படித்துவிடலாம். புள்ளி இருக்கிறதா இல்லையா, அது ‘ன’வா ‘ள’வா என்று பார்க்கக் கண்ணைச் சுருக்கினால், மாலையில் தலைவலி நிச்சயம்.

இனி தமிழ்த் தட்டச்சு. நான் பயன்படுத்துவது எஃப்.சி.ஐ.டி.எக்ஸ். 5 என்ற உள்ளீட்டு முறை, அதாவது தட்டுகிற விசையைத் தமிழ் எழுத்தாக மாற்றித் தரும் மென்பொருள். ஃபைடிக்ஸ் என்று உச்சரிக்க வேண்டுமாம், யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதில் எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பு வழியாகத் தமிழ்99. புதிதாக நிறுவி, தமிழ்99-ஐச் சேர்த்து, கேட் என்ற உரைத்திருத்தியைத் திறந்து ‘அம்மா’ என்று தட்டினேன். தமிழ்99-ல் அது அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு, நடுவில் புள்ளி தானாக விழும். எனக்கு விழுந்தது ஏ, கே, கே, கியூ. நான்கு ஆங்கில எழுத்துகள்! கீழ்ப்பட்டையில் தமிழ் சின்னம் தெரிகிறது, மொழி மாற்றும் விசை வேலை செய்கிறது, எழுத்து மட்டும் மாறவில்லை.

என்னென்னவோ செய்தேன். அழித்து மறுபடி நிறுவினேன். எக்ஸ்11 காலத்தில் எழுதி வைத்திருந்த சூழல் மாறிகளை (எந்த உள்ளீட்டு முறை என்று செயலிகளுக்குச் சொல்லும் அமைப்பு வரிகள்) எல்லாம் கொண்டுவந்து போட்டேன். நிலைமை இன்னும் மோசமானது, சில இடங்களில் மட்டும் தமிழ் வந்தது. சரி, எக்ஸ்11-லேயே நுழைந்து தொலைவோம் என்று பார்த்தால், ஃபெடோரா 40-ன் கே.டி.இ. பதிப்பில் நுழைவுத் திரையில் அந்தத் தெரிவே இல்லை. வேண்டுமென்றால் தனியாக ஒரு பொதியை இறக்க வேண்டும்.

விடை இருந்த இடம் இது: சிஸ்டம் செட்டிங்ஸில் விசைப்பலகைப் பகுதி, அதற்குள் ‘மெய்நிகர் விசைப்பலகை’. உள்ளே போனால் எஃப்.சி.ஐ.டி.எக்ஸ். 5 ஒரு தெரிவாக இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து அப்ளை கொடுங்கள். அவ்வளவுதான். மெய்நிகர் விசைப்பலகை என்றால் தொடுதிரையில் எழும்பும் விசைப்பலகை என்றுதான் எவரும் நினைப்பார். நான் அந்தப் பெயரை நாலு தடவை கடந்து போயிருக்கிறேன். காரணம் அந்த அறைக்கதவுதான். வேலேண்டில் உள்ளீட்டு முறை நேராகப் போய் ஒவ்வொரு ஜன்னலிலும் எழுத்தைப் போட முடியாது, குவின் என்கிற ஜன்னல் மேலாளர் வழியாகத்தான் போக வேண்டும். எந்த உள்ளீட்டு முறையை உள்ளே விடலாம் என்று குவினுக்கு நீங்கள் சொல்கிற இடம் இது. சொன்னபிறகு, பழைய ஜி.டி.கே., கியூட்டி சூழல் மாறிகளை எடுத்துவிடுங்கள். அவை இருந்தால் இரண்டு வழியும் முட்டிக்கொள்ளும்.

அதற்குப் பிறகு கேட், லிப்ரே ஆஃபீஸ், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாவற்றிலும் ‘அம்மா’ வந்தாள். குரோமியம் வகை உலாவிகளில் மட்டும் வேலேண்ட் உள்ளீட்டு முறையை இயக்கச் சொல்லித் தொடக்கக் கட்டளையில் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. கட்டளைகள் தட்டும் முனையமான கான்சோலில் தமிழ் சரியாகத் தெரியுமா என்றும் கேட்பீர்கள். தெரியாது. கொம்பும் காலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். முனையம் என்பது ஒரே அகலக் கட்டங்களாகப் போட்ட கோலம், நம் ‘கொ’வும் ‘ஞௌ’வும் அந்தக் கட்டத்துக்குள் அடங்குகிறவை அல்ல. 5-லும் அப்படித்தான், 6-லும் அப்படித்தான்.

மற்ற தொல்லைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து இறக்கிய பழைய விட்ஜெட்டுகள் 6-க்காக மறுபடி எழுதப்பட்டிருந்தால்தான் ஓடும். நான் வைத்திருந்த ஏழில் இரண்டுதான் தேறின. விசைகளைத் தானாகத் தட்டும் எக்ஸ்டூடூல் மாதிரியான கருவிகளால் வேலேண்ட் ஜன்னல்களைத் தொட முடியாது. அதை நம்பி எழுதிய என் சின்னச் சின்ன நிரல்களைக் குப்பையில் போட்டேன். ஜன்னல்கள் போன தடவை இருந்த இடத்திலேயே திறப்பதில்லை. ஒரு கூட்டத்தில், தனியாக நிறுவிய பழைய கூட்டச் செயலி வழியாகத் திரையைப் பகிர்ந்தபோது எதிர்முனையில் வெறும் கறுப்பு. பத்துப் பேர் காத்திருக்க, அசடு வழிந்துகொண்டே அதே கூட்டத்தை ஃபயர்ஃபாக்ஸில் திறந்தேன். எந்தத் திரையைக் காட்டலாம் என்று பிளாஸ்மா அனுமதி கேட்டது, கொடுத்தேன், தெரிந்தது.

6.0-ல் இருந்த சில மூலைமுடுக்குகள் பின்னால் வந்த பதிப்புகளில் தேய்ந்துவிட்டன. 2024 ஜூனில் வந்த 6.1-ல், கணினியை அணைத்து மறுபடி நுழைந்தால் விட்ட செயலிகள் திறக்கும் வசதி வேலேண்டுக்கும் வந்தது. என்விடியா அட்டைக்காரர்களைப் படுத்திய திரைச் சிமிட்டலும், அதோடு 555 வரிசை இயக்கியைச் சேர்த்துப் போட்டால் பெருமளவு அடங்கியது. உங்களிடம் என்விடியா இருந்தால் 6.0 பக்கம் போகவே வேண்டாம். 2025 பிப்ரவரியின் 6.3-ல் 150 போன்ற பின்ன அளவுப்பெருக்கத்தில் எழுத்து இன்னும் கூர்மையாயிற்று.

உங்கள் நிலைமைக்கு வருவோம். குபுண்டு 24.04-க்கு 5.27 தான் கடைசி. எங்கிருந்தோ கிடைக்கும் பொதிக்களஞ்சியத்தைச் சேர்த்து அதன்மேல் 6-ஐ ஏற்றினால், ஒரு நாள் காலையில் கறுப்புத் திரையோடு முழிப்பீர்கள். 24.10-லிருந்துதான் குபுண்டுவில் 6 வருகிறது. அதற்குப் பின்னால் வந்த பதிப்பு எதுவானாலும் சரி. அடிக்கடி மாற்றுவது பிடிக்காதென்றால் டெபியன் 13-ஐப் பாருங்கள், அதில் 6.3 இருக்கிறது. எதுவானாலும் முதலில் பென்டிரைவில் எழுதி அதிலிருந்தே தொடங்குங்கள். அந்த நிலையிலேயே எஃப்.சி.ஐ.டி.எக்ஸ்.ஸை நிறுவலாம். நினைவகத்தில்தான் உட்காரும், அணைத்தால் போய்விடும். தட்டிப் பார்க்க அது போதும். மெய்நிகர் விசைப்பலகைத் தெரிவை மாற்றி ‘அம்மா’ வருகிறதா, உங்கள் அலுவலகக் கூட்டத்தில் திரை பகிர முடிகிறதா, அச்சுப்பொறி பேசுகிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். நிறுவும்போது வீட்டு அடைவில் இருக்கும் பழைய அமைப்புக் கோப்புகளை அப்படியே தூக்கிக்கொண்டு வராமல், ஆவணங்களை மட்டும் கொண்டுவந்து புதிதாகத் தொடங்குவது நல்லது. என் பழைய அமைப்புகளோடு வந்த முதல் முயற்சியில் பட்டையில் இரண்டு கடிகாரம் ஓடியது.

நீங்கள் தமிழ்99 இல்லாமல் ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுகிறவர் என்றாலும் வழி இதேதான். ஐபஸ் என்ற இன்னொரு உள்ளீட்டு முறையைப் பயன்படுத்துகிறவரானால் அதே தெரிவுப் பட்டியலில் ஐபஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் பதிப்பு எண்ணைக் கீழே கருத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.