பழைய வீட்டுச் சுவரில் ஓதம் ஏறி, தரையிலிருந்து மூன்றடி வரை பெயிண்ட் உரிகிறது, மேலே நன்றாக இருக்கிறது. படுக்கையறைச் சுவரும் காலையில் ஈரமாக இருக்கிறது. எந்த வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்தால் நிற்கும்?

எதை அடித்தாலும் நிற்காது. வீடு எந்தக் காலத்தது என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் தரையிலிருந்து மூன்றடி வரைதான் உரிகிறது, மேலே நன்றாக இருக்கிறது என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் மண்ணிலிருந்து ஏறும் ஓதம்தான், சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவராக இருக்கலாம். எங்கள் வீடும் அதே கதைதான். மயிலாடுதுறைப் பக்கம், தாத்தா கட்டிய ஓட்டு வீடு. அந்தக் கால அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்க அடுக்கு எதுவும் கிடையாது, மண்ணின் ஈரம் செங்கல் வழியாக ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாகவே காய்ந்து வெளியே போய்விடும். அப்பா காலம் வரை யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

அப்புறம் ஒரு கான்ட்ராக்டர் வந்தார். பழைய பூச்சைக் கொத்தி எடுத்து இடுப்பளவுக்கு சிமென்ட், அதன் மேல் பட்டி, அதன் மேல் எமல்ஷன். ஒரு மழைக்காலம் தாங்கியது. அடுத்த மழையில், சிமென்ட் முடிகிற கோட்டுக்கு மேலே, அதுவரை ஓதமே பார்க்காத இடத்தில் உப்புப் பூத்துப் பொரிய ஆரம்பித்தது. வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறிவிட்டது. அவர் வந்து பார்த்துவிட்டு "இன்னும் மூணடி ஏத்திப் பூசிடலாம் சார்" என்றார். அம்மாதான் போதும் என்று நிறுத்தினார்.

பிறகு கோயில் வேலை பார்த்த வயதான கொத்தனார் ஒருவர் கிடைத்தார். சிமென்டை முழுக்க எடுத்துவிட்டு, கோடை முழுவதும் செங்கலை வெறுமனே விடச் சொன்னார். வெளியே வருகிற உப்பை உலர்ந்த துடைப்பத்தால்தான் தட்ட வேண்டும், கழுவினால் கரைந்து மறுபடி செங்கலுக்குள்ளேயே போய்விடும். சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர், சுண்ணாம்புப் பூச்சு, மேலே வெள்ளை அடித்ததோடு சரி. இப்போதும் மழைக்காலத்தில் இரண்டொரு இடத்தில் மாவு மாதிரி உதிரும். உதிரட்டும், செங்கல் உதிர்வதற்குப் பூச்சு உதிர்வது மேல். தட்டிவிட்டு மறுபடி வெள்ளை அடிப்போம்.

சிவில் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். கான்கிரீட் தூண் போட்ட புது வீட்டுக்கு நான் சொல்வது பொருந்தாது, அது வேறு கட்டுமானம். பைப் கசிவு இருந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். எங்கள் வீட்டில் கசிவு இல்லை.

ஆனால் ஈரம் அதிகமானதற்கு இன்னொரு காரணம் இருந்தது. திண்ணைக்குப் படியேறிப் போன வீடு, இன்று தெருவும் திண்ணையும் ஒரே மட்டம். ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021லேயே தலைமைச் செயலாளர் சுற்றறிக்கை விட்டிருக்கிறார், அதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாலும் "எஸ்டிமேட்ல இல்ல" என்கிறார்கள். தெருத் தண்ணீர் முழுக்க எங்கள் சுவரடியில். வரி கட்டுகிறவன் வீட்டை மண்ணுக்குள் இறக்கிவிட்டு, வீட்டை உயர்த்திக் கட்டிக்கொள் என்று அறிவுரை வேறு சொல்கிறார்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. கடைசியில் நாங்களே சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குத் தோண்டி, ஜல்லி நிரப்பி, தண்ணீர் கொல்லைப் பக்கம் ஓட வழி செய்தோம். பூச்சு வேலையைவிட அதுதான் அதிகம் உதவியது. உங்கள் வீட்டிலும் வெளிமண் உள்தரையைவிட உயரமா என்று முதலில் பாருங்கள்.

படுக்கையறைச் சுவர் காலையில் ஈரமாக இருக்கிறது என்றீர்களே, அது ஓதமாக இல்லாமலும் இருக்கலாம். அலுமினியத் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் ஈரம் என்றால் சுவரிலிருந்து வருகிறது, முன்பக்கம் ஈரம் என்றால் காற்றிலிருந்து. 30 டிகிரி வெப்பம், 80 சதவீதம் ஈரப்பதம் உள்ள காற்று, 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதில் பட்டாலும் வியர்க்கும். இரவெல்லாம் ஏசியை 20ல் வைத்துக் காலையில் கதவைத் திறந்தால் சுவர் நனையத்தான் செய்யும். அதற்கு ஏசியை 26, 27ல் வைத்து, பீரோவைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டு, உள்ளே துணி காயப்போடுவதை நிறுத்திப் பாருங்கள். அந்தச் சுவரைக் கொத்த மட்டும் யாரையும் விடாதீர்கள்.