அடித்த எஸ்.ஐ.யின் பெயரை வெளியே சொல்லலாமா?

பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஊரில் பூட்டிக் கிடக்கும் ஒரு செட்டியார் வீட்டை அவருடைய தம்பிதான் பார்த்துக்கொள்கிறார், வீட்டுக்காரர்கள் சென்னையில். இரண்டாம் கட்டு அறையில் இருந்த வெங்கலச் சாமான்கள் காணோம் என்று புகார் போக, விசாரிக்க வந்த எஸ்.ஐ. தெருவே பார்க்கத் தம்பியைக் கன்னத்தில் அறைந்து ஜீப்பில் ஏற்றியிருக்கிறார். எதிர்வீட்டுத் திண்ணையில் நின்ற வாசகி அதைச் செல்போனில் எடுத்துவிட்டார். ராத்திரி வழக்கு எதுவும் போடாமல் தம்பியை விட்டுவிட்டார்கள், ஆனால் உள்ளங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்தார். அந்த எஸ்.ஐ. மீது என்ன நடவடிக்கை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, 'தனிநபர் தகவல், வழங்க இயலாது' என்று ஒரு வரிப் பதில். வீடியோவை அழிக்காவிட்டால் சைபர் கேஸ் என்று ஸ்டேஷனிலிருந்து மிரட்டல் வேறு. "பெயர், போன் நம்பர், வீடு எல்லாத்தையும் ஃபேஸ்புக்கில் போட்டுரட்டுமா சார்?" என்று கேட்கிறார்.

பெயரைப் போடலாம், அன்றைக்கு நடந்ததைப் போடலாம். வீட்டையும் சொந்த போன் நம்பரையும் தொடாதீர்கள்.

காரணம் சொல்கிறேன். 1994-ல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், நம்ம ஊர் நக்கீரன் பத்திரிகை சம்பந்தப்பட்டதுதான், உச்ச நீதிமன்றம் சொன்னது இது: அரசு ஊழியர் தன் வேலை தொடர்பாக நடந்துகொண்ட விதத்தை ஒருவர் வெளியிட்டால், தனியுரிமை போய்விட்டது என்று நஷ்டஈடு கேட்க முடியாது, பொய் என்று தெரிந்தோ, உண்மையா என்று கொஞ்சமும் பார்க்காமலோ எழுதியிருந்தால்தான் சிக்கல். காக்கிச்சட்டையோடு நடுத்தெருவில் ஒருவரை அறைவது அந்தரங்க விஷயம் இல்லை. அவர் மனைவி யார், பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்பது அந்தரங்கம். அதில் கை வைத்தீர்கள் என்றால் கதை அப்படியே திரும்பி, அவர் பாதிக்கப்பட்டவராகிவிடுவார்.

எழுதும்போது மூன்றைக் கலக்காதீர்கள். அறைந்தது வீடியோவில் இருக்கிறது, நேராகவே எழுதுங்கள். ஸ்டேஷனுக்குள் உள்ளங்காலில் அடித்ததை நீங்கள் பார்க்கவில்லை, அதனால் 'என் தம்பி சொல்கிறான்' என்று எழுதி, காரைக்குடி அரசு ஆஸ்பத்திரியில் காட்டியிருந்தால் அங்கே காயத்தைக் குறித்து வைக்கும் விபத்துப் பதிவேட்டின் நகலைக் கையில் வைத்திருங்கள். எதிர்த்தரப்பிடம் காசு வாங்கிக்கொண்டுதான் அடித்தார் என்று தெருவில் பேசிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் எழுதவே எழுதாதீர்கள். அவதூறு வழக்கு வந்தால் அந்த ஒரு வரியில்தான் வரும். அவதூறுக்கான பாரதிய நியாய சன்ஹிதா 356-ம் பிரிவிலேயே, பொது நன்மைக்காகச் சொன்ன உண்மைக்கும், அரசு ஊழியரின் பணி நடத்தை பற்றி நல்லெண்ணத்தோடு சொன்ன கருத்துக்கும் விலக்கு உண்டு. அப்புறம், அவதூறுக்கு ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட்டுவிட முடியாது, அவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகாராகத்தான் போக வேண்டும்.

'சைபர் கேஸ்' என்ற மிரட்டல் பெரும்பாலும் இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய இடம் கொடுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவின் பழைய வாசனை. அதை 2015-லேயே உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தூக்கிவிட்டது. நிஜமாகப் போடக்கூடியது பணி செய்யவிடாமல் தடுத்தார் என்ற வழக்கு; நீங்கள் எதிர்த் திண்ணையிலிருந்து நகரவில்லை என்பது வீடியோவிலேயே தெரிகிறதா, பாருங்கள். வீடியோவை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியில் தரமும் எடுத்த நேர விவரமும் போய்விடும், அதனால் போனில் இருக்கும் மூலத்தை அப்படியே விட்டுவிட்டு ஒரு பென்டிரைவில் நகல் எடுங்கள். கோர்ட்டில் கொடுக்கும்போது மின்னணுப் பதிவுகளுக்கான பாரதிய சாட்சிய சட்டம் 63-ம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார். இதே சிவகங்கை மாவட்டத்தில், 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி போலீஸ் விசாரணையில் இறந்த வழக்கு சி.பி.ஐ. வரை போனதில், ஒருவர் மறைந்திருந்து எடுத்த சின்ன வீடியோவுக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) வந்த பதிலுக்கு வருவோம். 2012-ல் கிரிஷ் தேஷ்பாண்டே வழக்கில், ஊழியருக்குக் கொடுத்த மெமோ, தண்டனை எல்லாம் அவருக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான விஷயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து எல்லா அலுவலகத்திலும் இந்த ஒரு வரிதான் பதில். போதாததற்கு, அந்தச் சட்டத்தில் தனிநபர் தகவலுக்கு விலக்கு தரும் 8(1)(ஜெ) பிரிவுக்குள்ளேயே முன்பு இருந்த பொதுநலன் வாசகத்தை டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வெட்டிவிட்டது, 2025 நவம்பரில் அது அமலுக்கும் வந்துவிட்டது. என்னைக் கேட்டால், தனியுரிமையின் பெயரால் லத்திக்குப் போர்த்திவிட்ட போர்வை அது. ஆனாலும் 8(2) அப்படியே இருக்கிறது: மறைப்பதால் வரும் நன்மையைவிட வெளியிடுவதால் வரும் பொதுநன்மை பெரிதென்றால் கொடுக்கலாம். ஆகவே முதல் மேல்முறையீட்டில் 8(2)-ஐப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். வீட்டு முகவரி போன்றவற்றை 10-ம் பிரிவுப்படி மறைத்துவிட்டு மீதியைத் தரலாம் என்றும் நீங்களே எழுதிவிடுங்கள்.

கூடவே பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி ஒரு புது ஆர்.டி.ஐ. மனுவும் போடுங்கள், இந்தத் தடவை ஆளைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். 'என் மனு எண் இன்னது, அதை யார் விசாரித்தார், அறிக்கை எந்தத் தேதியில் போனது, அதன் நகல் வேண்டும்.' 'அன்றைக்கு என் தம்பியை ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தது பொது நாட்குறிப்பில் எத்தனை மணிக்குப் பதிவாகியிருக்கிறது?' 'ஸ்டேஷனில் எத்தனை கேமரா, அன்றைக்கு எவை ஓடின?' இதில் எதுவுமே எஸ்.ஐ.யின் சொந்த சமாச்சாரம் இல்லை. நடவடிக்கை என்று சொல்லி ஆயுதப்படைக்கு மாற்றியிருந்தால் ஏமாந்துவிடாதீர்கள், மாற்றம் தண்டனை கிடையாது.

இதெல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது கேமரா பதிவு. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒலியோடு கேமரா இருக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கான கருவி இல்லாவிட்டாலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது என்றது. ஆனால் 2020-ல் தந்தையும் மகனும் போலீஸ் அடியில் இறந்த சாத்தான்குளத்தில், ஸ்டேஷன் கேமராவின் அன்றன்றைய பதிவு தானாக அழிகிற மாதிரி வைத்திருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. எனவே நாளைக்கே, இன்ன தேதி, இன்ன மணி முதல் இன்ன மணி வரையான பதிவை அழிக்காமல் வைக்கும்படி சிவகங்கை எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள், ஒப்புகை அட்டையோடு. அதன் நகலை மாநில மனித உரிமை ஆணையத்துக்கான புகாரில் இணையுங்கள். அங்கே சம்பவம் நடந்த ஒரு வருடத்துக்குள் போயாக வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2021-ல் சொல்லியிருக்கிறது. ஆர்.டி.ஐ. முதல் மேல்முறையீட்டுக்குப் பதில் கைக்கு வந்ததிலிருந்து 30 நாள்தான், கவர்மேல் இருக்கும் தபால் முத்திரையைப் பத்திரமாக வையுங்கள்.