வினிகர் பாட்டிலை முதலில் மூடி வையுங்கள்

கேள்வி: சுண்ணாம்புக்கல்லை உடைத்தபோது பயறு போல வழவழப்பான மணிகள் தெரிந்தன. ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். தெரிந்தவர் ‘குட்டிச் சிப்பி’ என்கிறார். விலை கேட்டு வந்தவரோ ‘ஆதிகால நண்டு முட்டை’ என்கிறார். வினிகரில் ஊறவைத்துப் பிரித்தெடுக்கலாமா?

பதில்: கூடாது. கல்லும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம், அந்த மணிகளின் ஓடும் கால்சைட். அமிலம் இரண்டையும் சேர்த்தே தின்றுவிடும். வீடியோக்களில் அமிலத்தில் போட்டு எடுப்பது கோனோடோன்ட் என்னும் ஆதிகாலக் கடல் உயிரியின் பாஸ்பேட்டாலான பற்களை. அந்தப் பக்குவம் இங்கே உதவாது.

உங்களிடம் இருப்பவை அநேகமாக ஆஸ்ட்ரகாட்கள். இறால், நண்டு வகையறாதான், ஆனால் உடல் முழுவதும் இரண்டு ஓடுகளுக்குள் அடங்கிவிடும். கல்லை நனைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். உடைந்த மணியில் வெங்காயம் போல அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது உயிரே அல்ல, ஊயிட் என்னும் சுண்ணாம்பு உருண்டை. இரண்டு ஓடுகள் சேரும் கோடு தெரிந்து, மேலே வளர்ச்சி வரிகள் இல்லாவிட்டால் ஆஸ்ட்ரகாட். சிப்பி பழைய ஓட்டின் விளிம்பிலேயே கட்டிக்கொண்டு போகும், அதனால் வரி விழும். ஆஸ்ட்ரகாட் ஓட்டையே கழற்றி எறிந்துவிட்டுப் பெரிதாகப் புதிது செய்துகொள்ளும். ஒரே கல்லில் ஒரே வடிவம் பல அளவுகளில் கிடைப்பது அதனால்தான்.

ஒரு விலக்கு உண்டு. சிப்பி இறால் என்ற இன்னொரு கூட்டம் பழைய ஓட்டைக் கழற்றாமல் அடியில் புதிதைச் சேர்த்துக்கொள்ளும். இறால் சொந்தம்தான், ஆனால் சிப்பி போல வரி விழும். ஆகவே வரி இருந்தாலே சிப்பி என்று முடிவுகட்டாதீர்கள். அதன் ஓடு மெல்லிய தோல் போன்றது, பெரும்பாலும் சில மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும், நன்னீர்ச் சேற்றுப் பாறைகளில்தான் அதிகம். உங்கள் கல்லில் கடல் சங்கு, பவளத் துண்டுகள் கூட இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம்.

இனப்பெயர் கேட்காதீர்கள். அதற்கு ஓட்டின் உட்புறத்தில் தசை ஒட்டியிருந்த தழும்பும் கீல் அமைப்பும் தெரிய வேண்டும். உங்களுடையவை மூடியபடி கல்லாகிக் கிடக்கின்றன. செல்போன் படத்தைப் பார்த்து லத்தீன் பெயர் எழுதி, ‘சான்றிதழ்’ என்று காசு வாங்குகிறவர் விற்பது காகிதம். ‘முட்டை’க்காரரும் அதே ஜாதி. நாளை அவரே கால் ஒன்றுகூட உடையாத முழு நண்டைக் கல்லோடு கொண்டுவருவார். நண்டில் பெரும்பாலும் மிஞ்சுவது இடுக்கி நுனிதான். அவர் காட்டும் கால்களில் சூடான ஊசியை வைத்துப் பாருங்கள், பிளாஸ்டிக் நாற்றம் வந்தால் செயற்கைப் பிசினில் செய்த போலி. வராவிட்டாலும் நம்பிவிடாதீர்கள், கல்லையே செதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் செய்யும் பெரிய கேடு, எந்த இடம், எந்தப் பாறை அடுக்கு என்ற குறிப்பைத் தூக்கி எறிவது. அது போனால் ஆய்வுக்கு அந்தக் கல் செத்தது.

அருங்காட்சியகத்துக்கு அனுப்பலாம், பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நான் ஒருமுறை நிரப்பிய படிவத்தில் ‘இனப்பெயர்’ கட்டாயக் கட்டம். அது தெரியாமல்தானே ஐயா அனுப்புகிறோம்! ‘ஆஸ்ட்ரகாட், இனம் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். மணிகளைக் கல்லிலிருந்து நோண்டாமல், அளவுகோல் வைத்து எடுத்த படத்தோடு துண்டை அப்படியே அனுப்புங்கள்.